கடிகாரத்துக்கு வெளிச்சம் போடாத அம்மா

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். கிள்ளானிலிருந்து வரும் ரயில் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸைத் தாண்டிப் போக வேண்டிய நேரம் அது. நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடி ஜன்னலில் நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் வரவில்லை. அந்த ரயிலில் என் மகள் பாக்கியம் இருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டில் எங்கள் கடை முதலாளிக்குச் சொந்தமான தங்கக் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அதை அவள் கையில் கட்டி அனுப்பச் சொன்னவன் நான்.

அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் வந்து போய்விட்டன. இன்றும் ஏதாவது ரயில் பத்து நிமிடம் தாமதம் என்று காதில் விழுந்தால் என் கை தானாகச் சட்டைப் பையிலிருக்கும் கடிகாரத்தைத் தடவும். ஆனால் அந்தப் பகலை நினைக்கும்போது முதலில் கண்முன் வருவது ரயில் அல்ல, அந்த ஸ்டூடியோவை நடத்திய அம்மாதான். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லாரும் 'ஸ்டூடியோ அம்மா' என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்று கேள்வி. அவர் இறந்துவிட்டாரா, ஊருக்குப் போய்விட்டாரா என்று நான் கேட்டதில்லை. எப்போது போனாலும் அந்த அம்மா கறுப்புச் சேலையில்தான் இருப்பார். கழுத்தில் ஒன்றும் இருக்காது, காதில் ஒன்றும் இருக்காது. பாவம், விதவை என்று நானாக முடிவு செய்துகொண்டு, ஒரு வருஷம் அவரிடம் தணிந்த குரலில் பேசிவந்தேன். ஒருநாள் கோயிலில் பார்க்கிறேன், அரக்குச் சிவப்புப் பட்டு, மூக்கின் இரண்டு பக்கமும் கல் பதித்த மூக்குத்தி, கழுத்து நிறையத் தங்கம். நான் திகைத்து நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்ன கிராணியார், ஆளை மாறி நினைச்சிட்டியள் போல. வேலை நேரத்தில உதெல்லாம் போட்டா உங்கட கடிகாரத்துக்குள்ள என்ர மூக்குத்தியெல்லோ தெரியும்?"

அவர் என்னைக் கிராணியார் என்றுதான் அழைப்பார். கிள்ளானில் ஒரு கடிகாரக் கடையில் நான் கணக்கெழுதும் கிராணி. வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் கடை நோட்டீசு அச்சடித்து ரப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பும். முன்பெல்லாம் கையால் வரைந்த படம்தான் போடுவோம். எதிர்க்கடைக்காரன் போட்டோ போட்டு நோட்டீசு விட்டதும் எங்கள் முதலாளிக்கும் போட்டோ வேண்டுமென்று ஆகிவிட்டது. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் தடவை ஒரு வெள்ளிப் பாக்கெட் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி பொருளாயிற்றே, கண்ணை எடுக்க மனசு வரவில்லை. அந்த அம்மா கேமராவுக்குப் பின்னால் துணியை மூடிக்கொண்டதும் நான் மெல்லக் கிட்டே போய்க் குனிந்து பார்த்துக்கொண்டேன். "பின்னுக்குப் போங்கோ" என்றார். ஓரடி போனேன். அவர் மறுபடி துணிக்குள் போனதும் திரும்பவும் கிட்டே வந்தேன். படம் அச்சானது. முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"யாருலா இது, வாட்சுக்குள்ள?"

நானும் பார்த்தேன். வெள்ளி விளிம்பில், அரைக் கட்டைவிரல் அளவுக்கு, நெளிந்துபோன ஒரு முகம். நெற்றியில் திருநீறுகூடத் தெரிந்தது.

"நான்தான் முதலாளி."

"உன்னையும் சேத்து விக்கச் சொல்றியா? யாருய்யா வாங்குவான்?"

அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை. கடிகாரத்தைக் கையில் எடுத்து, தன் முகத்தின் முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார். "மரத்துக்கோ துணிக்கோ எண்டால் நேர வெளிச்சம் போடலாம். அதுக்கு எண்டு ஒரு நிறம் இருக்கு. இதுக்கு என்ன நிறம் சொல்லுங்கோ பாப்பம். சுவரைக் காட்டினா சுவர், உங்களைக் காட்டினா நீங்கள். நான் கடிகாரத்துக்கு வெளிச்சம் போடுறேல்லை. அது எதைப் பாக்குதோ அதுக்குத்தான் போடுறனான்."

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் அது புரியும். கூரைக் கண்ணாடி வழியாக விழும் பகல் வெளிச்சத்தை வெள்ளைத் துணி கட்டித் தணித்துவிடுவார். மேசை மேல் தேன்மெழுகை உருட்டிவைத்து, அதில் கடிகாரத்தைச் சாய்த்து நிறுத்துவார். பிறகு கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார். சட்டைப் பெட்டிக்குள் வரும் வெள்ளை அட்டைகளை இடப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று என்று நிறுத்துவார். கேமராவின் பித்தளை தெரியாமலிருக்க, நடுவில் லென்சுக்கு மட்டும் ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை அதன் முன்னால் மாட்டுவார். எல்லாம் வெள்ளையானதும் கரி பூசிய ஒரு மெல்லிய பட்டையைக் கொண்டுவந்து ஓரத்தில் வைப்பார். உடனே தங்கத்துக்கு ஒரு விளிம்பு பிறக்கும். அந்தப் பட்டையை எடுத்துவிட்டால் கடிகாரம் வெள்ளையில் கரைந்துபோகும். இதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். படம் எடுக்க எட்டு விநாடி.

மனிதர்களிடமும் அவருக்கு இதே கண்தான். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கடிகாரம் அல்ல, கல்யாணப் படம். ஊரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும், ஆனால் ஆண்பிள்ளை கேமராவுக்கு முன்னால் பெண்ணை உட்கார வைக்க மனமில்லை என்கிற குடும்பங்கள் காஜாங்கிலிருந்தும் ரவாங்கிலிருந்தும்கூட அவரைத் தேடி வரும். ஒருநாள் நான் காத்திருந்தபோது ஒரு பெண், கல்லைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் அவளுடைய அத்தை. "சிரிடி. இப்படி மூஞ்சிய வெச்சிக்கிட்டா எவன்டி கட்டுவான்?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோ அம்மா பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையிடம் போனார்.

"அக்கா, கீழ மருந்துக்கடை டிஸ்பென்சரியில எனக்கு ஒரு சோடா வாங்கித் தாறியளோ? தொண்டை வறண்டு போச்சு."

அத்தை படியிறங்கினார். அத்தை நின்ற இடத்தில், ஸ்டூடியோ அம்மா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த தன் பூனையைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்தார். பூனை கொட்டாவி விட்டது. பெண்ணின் முகம் மாறியது. எட்டு விநாடி. அத்தை சோடாவோடு வந்தபோது வேலை முடிந்திருந்தது.

முதலாளிக்கும் அவருக்கும் ஒரு தகராறு உண்டு. முள் பத்து மணி பத்து நிமிடத்தில் நிற்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கட்சி. அப்போதுதான் இரண்டு முள்ளுக்கும் நடுவில் கம்பெனிப் பெயர் தெரியும், கீழே விநாடி வட்டமும் மறையாது. முதலாளி பஞ்சாங்கத்தோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"பத்து பத்து, சனிக்கிழமையில ராகுகாலம்மா. விக்கிற பொருள்ல ராகுகாலத்த வெச்சிக் காட்டலாமா?"

"அப்ப எட்டு இருபது வைப்பமோ?"

"அது திங்கக்கிழமை ராகுகாலம்."

"பன்னிரண்டரை?"

"புதன்கிழமை."

"முதலாளி, படத்தில கிழமை எங்க இருக்கு?"

முதலாளி நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழமை இல்லை. ஒப்புக்கொண்டார். ஆனால் ராகுகாலத்தை அவர் விடவில்லை. அதுதான் அந்தச் சனிக்கிழமை எங்களைப் பிடித்தது.

பெண்களுக்கான புதுமாதிரிக் கைக்கடிகாரம், தங்கத்தில் ஒன்றே ஒன்று, மாதிரிக்காகக் கப்பலில் வந்தது. கைக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை அது பினாங்குக்குப் போய்விட வேண்டும். அப்போதே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். முதலாளி கையை விரித்தார். "வெள்ளிக்கிழமை வெளக்கு வெச்சாச்சி. பொன்ன வெளிய அனுப்புறதா? கனவுலகூட நினைக்காதலா." ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ முழுக்கக் கல்யாணப் படக் கூட்டம். மிச்சமிருந்தது சனிக்கிழமை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். பத்தரைக்குப் பிறகு புறப்பட்டால் எல்லாவற்றையும் அமைத்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும், மழை வந்துவிடும்.

முதலாளியே ஒரு வழி சொன்னார். நான் ஒன்பதுக்கு முன்னால் கிளம்பிப்போய் ஸ்டூடியோவில் எல்லாம் தயார் செய்து வைக்க வேண்டும். கடிகாரம் பத்தரைக்குப் பிறகு பெட்டகத்தை விட்டு வெளியே வரும். கொண்டுவருவது யார்? பாக்கியத்துக்குப் பத்தொன்பது வயது, கிள்ளானில் பள்ளிக்கூட ஆசிரியை, சனிக்கிழமைதோறும் பிற்பகல் பயிற்சி வகுப்புக்காகக் கோலாலம்பூர் போகிறவள். அவள் கையில் கட்டிவிட்டால் போயிற்று என்றேன் நான். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"தங்கத்தக் கட்டிப் பொண்ணத் தனியா அனுப்புறீங்களே, நல்லாவா இருக்கு?"

"பையில வெச்சாத்தான் பறிப்பான். சட்டைக் கைக்குள்ள இருக்கிறது எவனுக்குத் தெரியும்?" என்று வாயை அடைத்தேன். மனிதனை ஒரு நேரத்திலும் பொருளை ஒரு நேரத்திலும் பிரித்து அனுப்பி, நடுவில் இருந்த ராகுவை ஏமாற்றிவிட்டதாக எங்களுக்கு ஒரு திருப்தி.

பன்னிரண்டு ஐந்துக்கு ரயில் வரவில்லை. பன்னிரண்டரைக்கும் வரவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். "லேட்டு" என்றார்கள். எவ்வளவு லேட்டு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஸ்டூடியோவுக்குத் திரும்பி ஓடி வந்தேன். டிஸ்பென்சரியில் இருந்த டெலிபோனில் கடையைக் கூப்பிட்டேன். "பத்து முப்பத்திரண்டுக்கே கையில கட்டி அனுப்பிட்டேன்லா" என்றார் முதலாளி. பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

மேலே வந்தால், அந்த அம்மா கடிகாரம் இல்லாமலே வேலையை ஆரம்பித்திருந்தார். தேன்மெழுகின் மேல் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். அதன் மேல் வட்டமாக வெட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. சுற்றிலும் அட்டைகள்.

"அம்மா, ரயிலே காணோம். நீங்க என்னம்மா..."

"அதுக்குத்தான் இடத்தை ஆயத்தப்படுத்துறன். இந்தத் துணியைப் பிடியுங்கோ. ஆடாமல்."

பிடித்தேன். துணி ஆடியது சிமிழில் தெரிந்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் பாக்கெட் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஸ்டூடியோவில் சுவர்க் கடிகாரம்கூடக் கிடையாது.

"உதை உள்ள வையுங்கோ கிராணியார். பளிச்செண்டு அடிக்குது."

"என்னால முடியலம்மா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கண்ணுக்குள்ள என்ன தெரியுது உங்களுக்கு?"

மறைக்காமல் சொன்னேன். அவள் கை தெரிகிறது, கையில் தங்கம் தெரிகிறது, எதிர் இருக்கையில் ஒருவன் அதையே பார்ப்பது தெரிகிறது, ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் ரயில் நிற்பது தெரிகிறது, அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை என்றேன்.

"நீங்கள் பிள்ளையை வெளியால நிண்டு பாக்கிறியள். அவ எதைப் பாக்கிறா எண்டு யோசியுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. கடிகாரத்துக்குச் சொல்வதை எனக்கும் சொல்கிறாரே என்று. ஆனாலும் யோசித்தேன். அவள் ஜன்னலோரம்தான் உட்காருவாள். வெளியே பார்ப்பாள். மரம், வானம். நான் முன் ஜன்னலுக்குப் போய் மேற்கே பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பெட்டாலிங்குக்கு அப்பால், கிள்ளான் பக்கம், வானம் மைக் கறுப்பு. காலையிலிருந்து எத்தனையோ தடவை பின்பக்கத் தண்டவாளத்தைப் பார்த்த நான், ஒரு தடவைகூட மேற்கே பார்க்கவில்லை.

"அங்க பேய் மழை" என்றேன்.

"ஓம். பாதையில மண் விழுந்திருக்கும். கம்பி அறுந்திருக்கும்." ரயில்வேயில் தந்தி வேலை பார்க்கும் தன் தம்பிக்கு ஆள் அனுப்பினார். இரண்டு மணிக்குப் பதில் வந்தது. பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் மேடு சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. ரயில் அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அதற்கு அப்பால் தந்திக் கம்பி இல்லை. பயணிகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கள்வன் போய் இப்போது மண்சரிவு என் நெஞ்சில் உட்கார்ந்தது. செருப்பை மாட்டினேன். "தண்டவாளத்தோட நடந்தே போறேன்மா. என்னமோ ஆயிடுச்சின்னா..."

அவர் தடுக்கவில்லை. "போங்கோ. ஆனா ஒண்டு. ரயில் இல்லாட்டி அவ ரோட்டாலதான் வருவா. நீங்கள் தண்டவாளத்தில போவியள். அவ வந்து தேடப்போறது எந்த இடத்தை? நீங்கள் எங்க இருக்கிறதா அவவுக்குத் தெரியும்?"

இங்கேதான். டிஸ்பென்சரிக்கு மேல்மாடி என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் இந்த இடத்தைப் பார்த்ததுகூட இல்லை. செருப்போடு வாசலில் நின்றேன். போகவும் முடியவில்லை, திரும்பி வரவும் முடியவில்லை. பிள்ளை எங்கே என்று தெரியாமல், வாசலில் இப்படி நின்றவர்களுக்குத்தான் இது தெரியும். கடைசியில் செருப்பைக் கழற்றினேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

மூன்று மணிக்கு மழை எங்களையும் பிடித்தது. கூரைக் கண்ணாடியில் தண்ணீர் கொட்டியது. ஸ்டூடியோ இருண்டது. தெருவில் எதிர்ச் சாரிக் கடைப் பலகைகள் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவிடம் இரண்டு பெரிய மின்விளக்குகள் இருந்தன. இருண்ட நாட்களுக்கென்று வைத்திருந்தவை. அந்த பல்புகள் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், சில மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. கடிகாரத்துக்காக அவற்றை எடுத்து வைத்திருந்தார். இப்போது இரண்டையும் இழுத்துக்கொண்டு முன் ஜன்னலுக்குப் போனார். ஒன்றை வெளியே, பெயர்ப்பலகை மேல் விழும்படி திருப்பினார். மற்றதைக் கீழே, படிக்கட்டு ஆரம்பிக்கும் ஐந்தடி நடைபாதை மேல். கொஞ்சம் பின்னால் வந்து பார்த்தார். திருப்தியில்லை. ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் கட்டி, வெளிச்சம் தெருவின் அந்த முனை வரை போகும்படி சாய்த்தார்.

"பல்பு போயிடுமேம்மா. வாட்சுக்கு?"

"வாட்சு வந்தாத்தானே வாட்சுக்கு. நீங்கள் ஜன்னல்ல நில்லுங்கோ. அவ நிமிந்து பாக்கேக்க உங்கட முகம் தெரியட்டும்."

முதன்முதலாக அந்த ஸ்டூடியோவில் என் முகம் ஒரு இடத்தில் தெரிய வேண்டும் என்று சொன்னார். நின்றேன். விளக்கின் சூடு என் கன்னத்தில் அடித்தது. நாலு மணிக்கு ஒரு பல்பு பட்டென்று போனது. அவர் மிச்சமிருந்ததைப் படிக்கட்டுக்கும் பலகைக்கும் பொதுவாகத் திருப்பினார். பிறகு தேநீர் போட்டு வந்து என் கையில் திணித்தார். நான் குடித்தேனா என்று நினைவில்லை.

நாலே முக்காலுக்குத் தெருமுனையில் ஒரு லோரி நின்றது. தோட்டத்து லோரி. பின்னால் ரப்பர் ஷீட் அடுக்கியிருந்தது. முன்பக்கத்திலிருந்து தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு உருவம் குதித்து இறங்கியது. இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு நிமிர்ந்தது. வெளிச்சத்தைப் பார்த்து ஓடி வந்தது.

மரப்படிகளில் காலடிச் சத்தம் கேட்டபோது நான் திரும்பக்கூட இல்லை. ஸ்டூடியோ அம்மாதான் கதவைத் திறந்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார், அந்த நேரத்தில் பாக்கியத்தின் கண்ணில் என்னைத் தவிர வேறு யாரும் படக்கூடாது என்பதுபோல.

முழங்கால் வரை சேறு. பின்னல் அவிழ்ந்து முதுகெல்லாம் தண்ணீர். இடது மணிக்கட்டில் மட்டும், ஒரு ரப்பர் ஷீட் துண்டை இறுக்கமாகச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அதை அவிழ்த்துக்கொண்டே மூச்சுவிடாமல் பேசினாள். "வாட்சுல ஒரு பொட்டுத் தண்ணி படலப்பா. ரயிலு நின்னுடுச்சி. நாங்க நாலு பொம்பளைங்க சேந்து நடந்தோம். அந்த லோரி அண்ணேதான் ஏத்திக்கிட்டு வந்தாரு. பாருங்க, ஒண்ணும் ஆகல." கையை நீட்டினாள்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கல்யாணப் பெண்கள் உட்காரும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, என் முன்னால் குந்தி, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னப்பா நீங்க?" என்றாள். "லேட்டாத்தானே வந்தேன். வராமலா போயிட்டேன்?"